பின்னணி இல்லாமல் ஒளிரும் எழுத்து: இணையதளத்துக்கு கிளோ டெக்ஸ்ட் செய்ய முழுமையான வழிகாட்டி

தி.நகர் ரங்கநாதன் தெருவில் மத்தியானம் மூன்று மணிக்கு நின்று கடை போர்டுகளை அண்ணாந்து பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் எரிகிற மாதிரியே தெரியாது. ராத்திரி ஏழு மணிக்கு அதே இடத்தில் நின்றால் அதே போர்டு கண்ணைப் பறிக்கும். போர்டில் எதுவும் மாறவில்லை, பின்னால் இருட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இணையதளத்தில் ஒளிரும் எழுத்து போட உட்காருகிறவர்கள் பலர் இதைக் கோட்டை விட்டுவிட்டு சாஃப்ட்வேரைத் திட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வளசரவாக்கத்தில் ராத்திரி டிபன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்தேன். மேலே "சுடச்சுட தோசை" என்று நியான் போர்டு மாதிரி மின்ன வேண்டும், அதற்குப் பின்னால் தோசைக்கல் படம் தெரிய வேண்டும் என்றார். கறுப்புப் பின்னணியில் எழுத்தைச் செய்து, ஒரே நிறமுள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தரும் மேஜிக் வாண்ட் கருவியால் கறுப்பை அழித்து, பி.என்.ஜி.யாகச் சேமித்து ஏற்றிவிட்டேன். எழுத்தைச் சுற்றி கரி பூசின மாதிரி ஒரு விளிம்பு. நண்பர் போனில் பார்த்துவிட்டு, "என்னப்பா, தோசை கருகிப்போச்சா?" என்று கேட்டார். அந்தக் கரி எங்கிருந்து வந்தது, அதை எப்படி வராமல் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டியின் பாதி. மீதிப் பாதி தமிழ் எழுத்துக்கென்றே வரும் தொல்லைகள். உதாரணத்துக்கு அதே "சுடச்சுட தோசை"யையே வைத்துக்கொள்வோம், அதில் கீழே இறங்கும் சு இருக்கிறது, புள்ளி வைத்த ச் இருக்கிறது, எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் தோ இருக்கிறது. ஒரு எழுத்துருவைச் சோதிக்க இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது.

கரி எங்கிருந்து வருகிறது

திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருப்பது தெரியும். பின்னணி இல்லாத படத்தில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதற்கு ஆல்ஃபா என்று பெயர். 0 என்றால் அந்தப் பிக்சல் சுத்தமாகத் தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். இடைப்பட்ட எண்கள்தான் ஒளி. எழுத்தின் விளிம்பில் 255-ஆக இருக்கும் ஆல்ஃபா, வெளியே போகப் போக 200, 120, 40, 5 என்று இறங்கி 0-வில் கரைய வேண்டும். நிறம் ஆரஞ்சாகவே இருக்கட்டும், ஆல்ஃபா மட்டும் இறங்கினால் போதும். நான் செய்ததில் இறங்கியது ஆல்ஃபா இல்லை, நிறம். ஆரஞ்சும் கறுப்பும் ஏற்கனவே கலந்து பழுப்பாகிவிட்ட பிக்சல்களை மேஜிக் வாண்ட் தொடாமல் விட்டுவிட்டது. வெள்ளைப் பின்னணியில் செய்து அழித்திருந்தால் கரிக்குப் பதில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். ஆகவே முதல் விதி, பின்னணியை அழிக்காதீர்கள், பின்னணியே இல்லாமல் ஆரம்பியுங்கள்.

கோப்பு வகையும் இதோடு சேர்ந்ததுதான். 1987-இல் வந்த ஜிஃப், 1989-இல் திருத்தப்பட்டபோது ஒளிபுகும் தன்மையைப் பெற்றது, ஆனால் அதில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் ஒன்றும் கிடையாது. ஒளியை அதில் போட்டால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். ஜேபெக்கில் ஆல்ஃபாவே கிடையாது. 1996-இல் வந்த பி.என்.ஜி.தான் ஆல்ஃபாவுக்கு 256 படிகள் கொடுத்தது. அப்படியும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைச் சரியாகக் காட்டாமல் சாம்பல் கட்டமாகக் காட்டும், 2006-இல் ஏழாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. இன்றைக்கு பி.என்.ஜி.யோடு வெப்-பி, ஏவிஃப் இரண்டும் இருக்கின்றன, அவையும் ஆல்ஃபாவைத் தாங்கும். வெப்-பியைப் பிறகு பார்ப்போம்.

எழுத்துருவில் அவசரப்படாதீர்கள்

ஆங்கிலத்தில் ஒளிரும் எழுத்து செய்யச் சொல்லித் தரும் காணொளிகள் ஏராளம். அவற்றை அப்படியே பின்பற்றித் தமிழில் செய்தால் இரண்டு இடங்களில் அடி விழும். முதலாவது புள்ளி. ஒளி பரவும்போது ச் மேல் இருக்கும் புள்ளி அந்தப் புகையில் மூழ்கிவிடும், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு "சுடசசுட தோசை" என்றுதான் தெரியும். ஆங்கிலத்தில் ஐ மேல் இருக்கும் புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை, தமிழில் எழுத்தே மாறிவிடுகிறது. இரண்டாவது சுழிகள். ண, ன, ஞ, ழ போன்ற எழுத்துகளின் உள்வளைவுகளில் ஒளி வந்து நிரம்பி அடைத்துக்கொள்ளும்.

அதனால் ரொம்பத் தடிமனான எழுத்துரு வேண்டாம், ரொம்ப மெல்லியதும் வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் பாலூ தம்பி 2 உருண்டையாக, நியான் குழாய் வளைத்த மாதிரியே இருக்கும், கடை போர்டு வேலைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், சுழி அடைத்தால் அகலத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் மூச்சு விடும். கேட்டமரன் நேர்த்தியானது, மெல்லியதிலிருந்து மிகத் தடிமன் வரை ஒன்பது அளவுகளில் வருகிறது. இவை எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பதால் கடை விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. டி.டி.பி. சென்டர்களில் பழைய பழக்கத்தில் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வந்த வாசகத்தை இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். படமாக மட்டும் போடுவதென்றால் ஓடும், ஆனால் நாளைக்கு வாசகத்தை மாற்ற வேண்டி வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். முதலிலேயே யூனிகோடில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், எந்தச் சாஃப்ட்வேராக இருந்தாலும் முதலில் தோ, சை, கௌ மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்தச் சாஃப்ட்வேர் தமிழைக் கோக்கத் தெரியாமல் விழிக்கிறது என்று அர்த்தம். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இது நடந்தால் பிரெஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, புதிதாக ஒரு கோப்பு திறந்தால் சரியாகும். கிம்ப்பில் இந்தத் தொல்லை கிடையாது, அது இலவசமும்கூட. ஆகவே கிம்ப்பிலேயே செய்வோம்.

கிம்ப்பில் படிப்படியாக

ஃபைல் மெனுவில் நியூ. அகலம் 2000 பிக்சல், உயரம் 700 பிக்சல். இணையதளத்தில் இது 1000 பிக்சல் அகலத்தில்தான் தெரியப்போகிறது, ஆனால் இன்றைய போன்களின் திரை அடர்த்தி அதிகம் என்பதால் இரு மடங்காகச் செய்து வைப்பது நல்லது. அதே பெட்டியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்தால் ஃபில் வித் என்று ஒன்று இருக்கும், அதை ட்ரான்ஸ்பரன்ஸி ஆக்குங்கள். கலர் ஸ்பேஸ் ஆர்.ஜி.பி.யாகவே இருக்கட்டும், பிரிசிஷனை 16 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். ஓகே கொடுத்தால் சாம்பல் சதுரங்கக் கட்டம் தெரியும். அது பின்னணி இல்லை என்பதற்கான அடையாளம்.

இப்போது கீழே ஒரு புது லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) போட்டு, உங்கள் இணையதளத்தின் பின்னணி நிறத்தை அதில் நிரப்புங்கள். படத்தின் மேல் வரப்போகிறதென்றால் அந்தப் படத்தையே கொண்டுவந்து வையுங்கள். இதற்கு "சோதனை" என்று பெயர் வைத்துவிடுங்கள், கடைசியில் இதை மறைக்க வேண்டும். இந்த லேயர் இல்லாமல் சதுரங்கக் கட்டத்தின் மேலேயே ஒளியைச் செய்கிறவர்கள் மூன்று மணி வெயிலில் போர்டு மாட்டுகிறவர்கள்.

அடுத்து டெக்ஸ்ட் கருவியை எடுத்து "சுடச்சுட தோசை" என்று அடியுங்கள். அளவு 180 பிக்சல், ஓரங்களில் தாராளமாக இடம் இருக்கும்படி நடுவில் நிறுத்துங்கள். எழுத்தின் நிறம் என்ன தெரியுமா? ஆரஞ்சு இல்லை. கிட்டத்தட்ட வெள்ளை. சிவப்பு 255, பச்சை 244, நீலம் 230. எரியும் விளக்கை நேராகப் பார்த்தால் நடுப்பகுதி வெளுத்துத்தான் தெரியும், நிறம் அதைச் சுற்றித்தான் இருக்கும். எழுத்தையே ஆரஞ்சாக்கி அதைச் சுற்றியும் ஆரஞ்சு ஒளி போட்டால் விளக்கு மாதிரி இருக்காது, ஸ்வெட்டர் மாதிரி இருக்கும்.

இனி ஒளி. மூன்று அடுக்காகச் செய்யப்போகிறோம். ஒரே அடுக்கில் செய்தால் ஏன் போதாது என்றால், உண்மையான ஒளி விளக்குக்குப் பக்கத்தில் சட்டென்று குறைந்து, அப்புறம் ரொம்ப தூரத்துக்கு லேசாக இழுத்துக்கொண்டே போகும். ஒரே மங்கலில் அந்த வளைவு வராது, எழுத்து அவுட் ஆஃப் ஃபோகஸில் இருப்பது போலத்தான் ஆகும்.

முதல் அடுக்கு: லேயர் பட்டியலில் எழுத்து லேயரின் மேல் வலது கிளிக் செய்து ஆல்ஃபா டு செலக்‌ஷன் கொடுங்கள், எழுத்தைச் சுற்றித் தேர்வுக் கோடு எறும்பு மாதிரி ஊரும். செலக்ட் மெனுவில் க்ரோ, 2 பிக்சல். எழுத்துக்குக் கீழே, சோதனை லேயருக்கு மேலே, ட்ரான்ஸ்பரன்ஸி நிரப்பிய புது லேயர் ஒன்று போடுங்கள். முன்னிறமாக 255, 160, 60 வைத்து நிரப்புங்கள். இங்கேதான் எல்லோரும் தவறும் இடம்: செலக்ட் மெனுவில் நன் கொடுத்து எறும்பை விரட்டிவிட்டுத்தான் மங்கலாக்க வேண்டும். தேர்வு இருக்கும்போது மங்கலாக்கினால் ஒளி அந்தக் கோட்டைத் தாண்டாது. பிறகு ஃபில்டர்ஸ், ப்ளர், காஸியன் ப்ளர், இரண்டு அளவும் 5.

இரண்டாம் அடுக்கு: அதே மாதிரி எழுத்திலிருந்து தேர்வு எடுத்து, க்ரோ 6, இன்னும் கீழே ஒரு புது லேயர், நிறம் 255, 90, 20, தேர்வை விலக்கி காஸியன் 16. இந்த லேயரின் ஒப்பாசிட்டி, அதாவது எத்தனை சதவீதம் தெரிய வேண்டும் என்பது, 75.

மூன்றாம் அடுக்கு: க்ரோ 12, எல்லாவற்றுக்கும் கீழே, ஆனால் சோதனைக்கு மேலே. நிறம் 210, 40, 10, காஸியன் 50, ஒப்பாசிட்டி 50. இது தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு சிவப்புப் புகைதான். கண் ஐகானை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள், இது இல்லாதபோது எழுத்து ஸ்டிக்கர் போலவும் இருக்கும்போது சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரியும் தெரியும்.

நிறம் வெளியே போகப் போக ஆழமாகிறதே, அது வேண்டுமென்றே செய்தது. ஆரஞ்சுச் சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு, நியான் வாயுவின் சொந்த நிறமே அதுதான். 1910-இல் பாரீஸில் ஜார்ஜ் க்ளாட் காட்சிக்கு வைத்த விளக்குகளும் அந்த நிறத்தில்தான் எரிந்தன. நீல போர்டுகளில் ஆர்கானும் பாதரசமும் இருக்கும், இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் நியான் என்று மாட்டுவது பெரும்பாலும் எல்.இ.டி. பட்டைதான். வேறு நிறம் வேண்டுமென்றால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் வெறும் நீலத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். திரையின் வெளிச்சக் கணக்கில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. 0, 0, 255 என்று போட்டால் ஒளியே தெரியாது. 40, 170, 255 என்று பச்சையைக் கலந்தால்தான் நீல விளக்கு எரியும்.

ஒளி சதுரமாக வெட்டுப்பட்டால் இரண்டு காரணங்கள். ஒன்று, புது லேயர் போடாமல் எழுத்து லேயரையே நகலெடுத்து மங்கலாக்கியிருப்பீர்கள், அதன் எல்லை எழுத்தோடு முடிந்துவிடும். லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் தீரும். இன்னொன்று, படத்திலேயே ஓரம் போதாது. காஸியன் மங்கல், கொடுத்த எண்ணைப் போல மூன்று மடங்கு தூரம் வரை பரவும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 கொடுத்தால் 150 பிக்சல், க்ரோ செய்த 12-ஐயும் சேர்த்தால் நான்கு பக்கமும் 162 பிக்சலாவது காலியாக வேண்டும். மேலும் கீழும் அளக்கும்போது சு-வின் வாலையும் புள்ளியையும் கணக்கில் எடுங்கள், எழுத்தின் உடம்பை மட்டும் அளந்துவிடாதீர்கள். லேசாக வெட்டுப்பட்டிருந்தால் சாதாரணமாகக் கண்ணில் படாது, மானிட்டர் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது புள்ளிக்கு வருவோம். படத்தைத் திரையில் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ச் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் முதலில் உள் அடுக்கின் க்ரோவை 2-லிருந்து 0 ஆக்குங்கள், ஏனென்றால் புள்ளியை விழுங்குவது பெரும்பாலும் உள் அடுக்குதான், வெளிப்புகை பாவம். அதிலும் தீரவில்லையென்றால் உள் அடுக்கின் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், வெள்ளைப் புள்ளிக்கும் அதைச் சுற்றிய ஆரஞ்சுக்கும் வித்தியாசம் கூடும். கடைசி ஆயுதம், எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாஃப்ட்வேரில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துக் கோடாக்கி, புள்ளியை மட்டும் பிடித்து நாலைந்து பிக்சல் மேலே தூக்கி, சற்றுப் பெரிதாக்குவது. எழுத்துரு வடிவமைத்தவர் பார்த்தால் வருத்தப்படுவார், ஆனால் கடை போர்டு எழுதும் ஓவியர்கள் தூரிகையில் இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள்.

கிம்ப் 3.0, அதாவது 2025-இல் வந்த பதிப்பு உங்களிடம் இருந்தால் இந்த மங்கல்கள் லேயரோடு கலந்துவிடாமல் தனி ஃபில்டராக ஒட்டிக்கொண்டு நிற்கும், எண்ணைப் பிறகு மாற்றலாம். பழைய 2.10-இல் ஒரு தடவை கொடுத்தால் கொடுத்ததுதான், ஆகவே பிடிக்கவில்லையென்றால் உடனே அன்டூ.

வெளியே எடுப்பது

முதலில் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப்.பில் சேமியுங்கள். பிறகு சோதனை லேயரின் கண்ணை அணையுங்கள். இதை மறந்துவிட்டு பின்னணியோடு ஏற்றுமதி செய்யாதவர் யாரும் இருக்க முடியாது. காலி ஓரங்களை வெட்ட சோதனை லேயரை மறைத்தால் மட்டும் போதுமா என்று யோசிக்க வேண்டாம், கோப்பின் நகல் ஒன்றில் அதை அழித்தேவிட்டு இமேஜ் மெனுவில் க்ராப் டு கன்டென்ட் கொடுங்கள். ஒளியின் கடைசி பிக்சல் வரை விட்டு மற்றதை வெட்டும்.

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், பெயரின் முடிவில் பி.என்.ஜி. வரும் பெட்டியில் இன்டர்லேஸிங் வேண்டாம், பின்னணி நிறத்தைச் சேமிக்கும் டிக் வேண்டாம், ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தைச் சேமிக்கும் டிக்கும் வேண்டாம், பார்க்கவே முடியாத பிக்சலுக்கு எதற்கு நிறம். கம்ப்ரெஷன் 9. அதிகம் சுருக்கினால் தரம் போகுமோ என்று பயப்பட வேண்டாம், பி.என்.ஜி.யில் எதுவும் போகாது, சேமிக்க ஒரு நொடி கூடுதலாகும், அவ்வளவே. பிக்சல் வடிவத்தில் 8 பிட் ஆர்.ஜி.பி.ஏ என்று தேர்ந்தெடுங்கள்.

16 பிட்டில் வேலை செய்யச் சொன்னது இதற்காகத்தான். பெரிய மங்கலில் வெளிச்சம் 150 பிக்சல் தூரத்துக்கு இறங்கும்போது 8 பிட்டின் படிகள் போதாமல் வளையம் வளையமாகத் தெரியும், வெங்காயத்தை வெட்டின மாதிரி. 16 பிட்டில் அடுக்குகளைக் கலந்துவிட்டு, கடைசியில் இமேஜ் மெனுவின் பிரிசிஷனில் 8 பிட்டுக்கு இறக்கும்போது டிதரிங் (படிகள் தெரியாமல் பொடி தூவி மறைப்பது) வேண்டுமா என்று கேட்கும், அதை லேயர்களுக்குக் கொடுத்தால் வளையங்கள் கரையும். ஆனால் டிதரிங் போட்டால் கோப்பு பெருக்கும், பி.என்.ஜி.க்குச் சீரான நிறம்தான் பிடிக்கும், பொடி தூவினால் சுருங்க மறுக்கும். கண்ணுக்கு வளையம் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

கோப்பு 200 கிலோபைட்டைத் தாண்டினால் நான் வெப்-பிக்கு மாற்றிவிடுவேன். கூகுளின் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே வேலை செய்யும், இடது பக்கம் பழையது வலது பக்கம் புதியது என்று வைத்துக் காட்டும். இழப்பில்லாத வெப்-பி பி.என்.ஜி.யைவிடச் சுமார் 26 சதவீதம் சிறியது என்பது கூகுளின் கணக்கு, நிறத்தில் மட்டும் கொஞ்சம் இழப்பை அனுமதித்தால் இன்னும் நிறையக் குறையும், ஒளியில் அது தெரியவும் தெரியாது. சஃபாரி 2020-இல் 14-ஆம் பதிப்பிலிருந்து வெப்-பியை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இனி தயங்க வேண்டியதில்லை. பி.என்.ஜி.யை 256 நிறங்களுக்குக் குறைக்கும் கருவிகளும் உண்டு, லோகோவுக்கு நல்லது, ஒளிக்கு மட்டும் வேண்டாம், மறுபடி வெங்காயம் வரும்.

கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது சாட் ஆப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். வழியில் ஜேபெக்காக மாறிவிடும், பின்னணி கறுப்போ வெள்ளையோ ஆகிப் போய்ச் சேரும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அவசரத்துக்கு ஃபோட்டோபியா

எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஃபோட்டோபியா போதும், பிரவுசரில் திறக்கும், போட்டோஷாப் மாதிரியே இருக்கும். பின்னணி இல்லாத புது கோப்பு, எழுத்து, லேயர் ஸ்டைலில் அவுட்டர் கிளோ. ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே பிளெண்ட் மோட் ஸ்க்ரீன் என்று இருந்தால் நார்மல் ஆக்கிவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்க்ரீன் என்பது கீழே இருக்கும் நிறத்தோடு கலப்பது. பின்னணியை எடுத்துவிட்டு ஏற்றுமதி செய்யும்போது கலக்கக் கீழே எதுவும் இருக்காது, பி.என்.ஜி.க்கு அந்தக் கலவை விதியை எடுத்துப்போகவும் தெரியாது. அதனால்தான் கோப்பில் ஜொலித்தது தளத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது.

கறுப்புப் பின்னணியோடுதான் படம் இருக்கிறதா

யாரோ செய்து கொடுத்த பழைய ஜேபெக், கறுப்பில் மின்னுகிறது, மூலக் கோப்பு தொலைந்துவிட்டது. இது அடிக்கடி வரும். மேஜிக் வாண்டைத் தொடாதீர்கள். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் கலர் டு ஆல்ஃபா என்று ஒன்று இருக்கிறது, அதில் கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு கறுப்பு கலந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு ஆல்ஃபாவைக் குறைத்து, மிச்ச நிறத்தைச் சுத்தமாக மீட்டுத் தரும். என் கருகிய தோசையைக் காப்பாற்றியது இதுதான், பத்து நொடி வேலை.

அதையும் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. படத்தைக் கறுப்போடே தளத்தில் போட்டு, தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். மொழியில் மிக்ஸ்-பிளெண்ட்-மோட் என்ற பண்பை ஸ்க்ரீன் என்று கொடுத்தால் கறுப்பு தானாக மறைந்து ஒளி மட்டும் மிஞ்சும். ஒளி பின்னணியோடு நிஜமாகவே கூடுவதால் சில சமயம் பி.என்.ஜி.யைவிட அழகாகக்கூட இருக்கும். பின்னணி இருட்டாக இருந்தால் மட்டும்தான்.

படமே வேண்டாமென்றால்

வாசகம் அடிக்கடி மாறும் என்றால், இன்றைக்கு தோசை நாளைக்கு பணியாரம் என்று, ஒவ்வொரு தடவையும் கிம்ப்பைத் திறப்பது பைத்தியக்காரத்தனம். சி.எஸ்.எஸ்.ஸின் டெக்ஸ்ட்-ஷாடோ பண்பே போதும். அதற்கு நான்கு மதிப்புகள்: பக்கவாட்டில் நகர்வு, மேல் கீழ் நகர்வு, மங்கல், நிறம். நிழலை நகர்த்தாமல் இரண்டையும் 0 ஆக்கிவிட்டால் நிழல் ஒளியாகிவிடும். காற்புள்ளி போட்டு எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம், முதலில் எழுதுவது மேலே வரும். நம் மூன்று அடுக்கையும் அப்படியே எழுதலாம்: 0, 0, 5 பிக்சல், உள் நிறம், 0, 0, 16 பிக்சல், நடு நிறம், 0, 0, 50 பிக்சல், வெளி நிறம்.

கிம்ப்பில் கொடுத்த அதே எண்கள் எப்படிப் பொருந்துகின்றன என்று சந்தேகம் வரலாம். கிம்ப்பின் எண் காஸியனின் திட்ட விலக்கம், சி.எஸ்.எஸ்.ஸின் மங்கல் எண் அதைப் போல இரு மடங்கு. நாம் படத்தை இரு மடங்கு அளவில் செய்ததால் இரண்டும் கழிந்து அதே எண் வந்து நிற்கிறது. க்ரோ மட்டும் இங்கே கிடையாது, ஆகவே ஒளி மெலிந்து தெரிந்தால் உள் அடுக்கை இரண்டு தடவை எழுதுங்கள்.

இதில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் தேடுபொறி படிக்கும், நகலெடுக்கலாம், பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்கும். வரி உயரத்தைக் குறைத்து, தாண்டுவதை மறைக்கும் பெட்டிக்குள் வைத்தால் மட்டும் சு-வின் வாலும் ஒளியும் வெட்டுப்படும்.

எஸ்.வி.ஜி. என்று, படத்தைப் பிக்சலாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் ஒரு நடுவழியும் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும், ஏனென்றால் படமாக வைக்கப்படும் எஸ்.வி.ஜி. வெளியிலிருந்து எழுத்துருவைக் கொண்டுவராது. ஒளி சதுரமாக வெட்டுப்பட்டால் ஃபில்டரின் எல்லையைப் பாருங்கள், எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம்தான் விடும். அதை 50 சதவீதமாக்குங்கள்.

தளத்தில் வைக்கும்போது

படத்தை அதன் அகலத்தில் பாதிக்குக் குறித்து வையுங்கள், ஓரம் வெட்டாமல் விட்டிருந்தால் அது 1000 பிக்சல், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான ஆல்ட் குறிப்பில் "சுடச்சுட தோசை" என்று எழுதுங்கள், "நியான் படம்" என்று எழுதி யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மினுக்க வேண்டும் என்று நிச்சயம் கேட்பார்கள். டெக்ஸ்ட்-ஷாடோவின் மங்கலை நேரடியாக அசைத்தால் ஒவ்வொரு தடவையும் மறுபடி வரைய வேண்டியிருப்பதால் விலை குறைந்த போன்கள் திணறும். ஒளியைத் தனி லேயராக வைத்து அதன் ஒப்பாசிட்டியை மட்டும் அசையுங்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்பது இணைய அணுகல் விதி, வலிப்பு வரக்கூடியவர்களை மனதில் வைத்து எழுதியது, அதில் பேரமே கிடையாது. அசைவைக் குறைக்கும்படி போனில் அமைத்து வைத்திருப்பவர்களுக்கு மினுக்கலை நிறுத்தும் மீடியா வினவலும் சேர்த்துவிடுங்கள்.

வெள்ளைப் பின்னணித் தளத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்? ஒளி வராது, நிறப் பூச்சுதான் வரும். ஒன்று, எழுத்துக்குப் பின்னால் ஒரு கருநீலப் பட்டையாவது கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எழுத்தை அடர் நிறமாக்கி, உள் அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். பயனரின் போன் இருட்டு தீமில் இருக்கிறதா வெளிச்ச தீமில் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு கோப்பில் ஒன்றைக் காட்டவும் பிக்சர் குறிச்சொல்லில் வழி இருக்கிறது, அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுக்க முயலாதீர்கள்.

நண்பரின் தளத்தில் கடைசியில் தோசைக்கல் படத்தையே கொஞ்சம் இருட்டாக்கினேன். எழுத்தில் கை வைக்கவே இல்லை. "இப்பதான் அடுப்பு பத்தியிருக்கு" என்றார், மறுநாளே "கரண்டி ஆம்லெட்" என்று இன்னொன்று கேட்டார். ண்-ணிலும் ம்-மிலும் ட்-டிலும் புள்ளி, மூன்று புள்ளிகள்.